தூத்துக்குடிக் காற்றும் ஜூரோங் மின்சாரமும்: ஒரு ஹைட்ரஜன் கணக்கு

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2050-க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. 2022 அக்டோபரில் தேசிய ஹைட்ரஜன் உத்தியை அறிவித்த அன்றைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங், 2050-இல் நம் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜன் நிறைவேற்றக்கூடும் என்றார். எரித்தால் கரியமில வாயு வராத எரிபொருள் அது. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அதை எடுக்கலாம், ஆனால் இங்கேயே காற்றாலை வைக்க வழியில்லை. இங்கே காற்றின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். வணிகக் காற்றாலைக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, காற்று வீசும் ஊரில் தயாரித்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர் எது என்றால் நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது தென் தமிழ்நாடுதான். 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைகள் இன்று முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் என்று பரவி, மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் குழுமம் தூத்துக்குடியில் பசுமை ஹைட்ரஜன், அதாவது காற்று, சூரிய மின்சாரத்தில் எடுக்கும் ஹைட்ரஜன், தயாரிக்கும் ஆலைக்காகத் தமிழ்நாட்டு அரசுடன் 36,238 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அந்த ஹைட்ரஜனைக் கொண்டு அங்கே தயாராகவிருக்கும் பசுமை அம்மோனியாவில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னை ஜப்பானுக்கு அனுப்பும் தொடக்கநிலை உடன்பாடும் உண்டு. வ.உ.சி. துறைமுகத்தில் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும் மாதிரி ஆலை 2025 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. எடையில் சொன்னால் அது மணிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு.

கயத்தாறு பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பூரின் ரசாயன ஆலைகள் நிற்கும் ஜூரோங் தீவில் ஷிப்டு பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வு பிறந்தது. “அண்ணே, ஆடி மாசம் எங்க ஊர்ல காத்தாடி எல்லாம் கரண்டு கொட்டும். கிரிட்டு தாங்காதுன்னு பல நேரம் நிறுத்திடுறாங்க. அந்தக் கரண்டுல ஹைட்ரஜன் எடுத்து இங்க கொண்டாந்தா சும்மா கிடைச்ச மாதிரிதானே?”

நியாயமான கேள்வி. அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். கீழே வரும் கணக்கு எந்த நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்ததில்லை, நான் போட்டது. எதை எவ்வளவு என்று வைத்துக்கொண்டேன் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். வேறு எண் சரி என்று படுபவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

மின்சாரம் சும்மா கிடைத்தாலும்

ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கியிருக்கும் ஆற்றல் 33.3 யூனிட், அதாவது கிலோவாட் மணி. அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, பம்பு, குளிரூட்டி, அழுத்தி எல்லாம் சேர்த்து எலக்ட்ரோலைசர் ஆலைக்குச் சுமார் 55 யூனிட் செலவாகும். முதல் படியிலேயே ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

100 மெகாவாட் எலக்ட்ரோலைசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுமானம், மின்மாற்றி, குழாய் எல்லாம் சேர்த்து கிலோவாட்டுக்கு 1,500 அமெரிக்க டாலர் என்று வைத்தால் மொத்தம் 15 கோடி டாலர். 8 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு ஆயுள், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு. ஆண்டுச் செலவு சுமார் 1.98 கோடி டாலர். ஆலை ஓடினாலும் நின்றாலும் இந்தத் தொகை போய்க்கொண்டுதான் இருக்கும்.

இப்போது தம்பி சொன்ன உபரி மின்சாரத்தை மட்டும் நம்பி ஓட்டுவோம். காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதிலும் கிரிட் வேண்டாம் என்று தள்ளும் நேரம் மட்டும்தான் நமக்கு. தாராளமாகவே ஆண்டுக்கு 1,500 மணி நேரம் முழுத் திறனில் ஓடுகிறது என்று வைத்தாலும் 27 லட்சம் கிலோதான் கிடைக்கும். மின்சாரத்துக்கு ஒரு பைசா கொடுக்காமலேயே கிலோவுக்கு 7.25 டாலர் ஆகிவிட்டது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க, எரிவாயு விலையைப் பொறுத்து, கிலோவுக்கு 1 முதல் 3 டாலர் வரை ஆகும்.

உபரிக்குக் காத்திருக்காமல் தனிக் காற்றாலையே வைத்துவிட்டால்? எலக்ட்ரோலைசரின் அதே அளவுக்குக் காற்றாலை, அது 30 விழுக்காடு திறனில் ஓடுகிறது என்றால் ஆண்டுக்கு 2,630 மணி நேரம். முதலீட்டுப் பங்கு கிலோவுக்கு 4.14 டாலராக இறங்குகிறது. ஆனால் இப்போது மின்சாரத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். யூனிட் 4.4 சென்ட் என்றால் 2.42 டாலர். மொத்தம் 6.56.

காற்றாலையைப் பெரிதாக்கி, கூடவே சூரியத் தகடும் வைத்து 5,000 மணி நேரத்துக்கு ஏற்றலாம். தென் மாவட்டங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். காற்று ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராமநாதபுரம், தூத்துக்குடி வெயிலுக்குக் குறைவே இல்லை. பெரிதாக்கியதில் கொஞ்சம் மின்சாரம் வீணாவதால் யூனிட் விலை 5 சென்ட் ஆகட்டும். முதலீட்டுப் பங்கு 2.18, மின்சாரம் 2.75, மொத்தம் 4.93 டாலர். பேட்டரியும் சேர்த்து 7,000 மணி நேரத்துக்குக் கொண்டுபோனால் யூனிட் 6 சென்ட் ஆகி, மொத்தம் 4.85. ஆக, 5,000-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். கிலோ விலை இறங்க மறுக்கிறது.

சிலி நாட்டின் தென்கோடியில் புன்டா அரேனஸ் அருகே 2022-இல் தொடங்கிய ஹாரு ஓனி ஆலையைப் பாருங்கள். அங்கே காற்றாலை 3.4 மெகாவாட், எலக்ட்ரோலைசர் 1.2 மெகாவாட்தான். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. உலகிலேயே காற்று விடாமல் வீசும் இடங்களில் ஒன்றில்கூட, எலக்ட்ரோலைசர் சும்மா நிற்கக் கூடாது என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதில் பணக் கணக்கில் தெரியாத ஒரு சங்கடமும் உண்டு. காரக் கரைசலை வைத்து ஓடும் வகை எலக்ட்ரோலைசரில் ஒரு மெல்லிய தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹைட்ரஜனும் அந்தப் பக்கம் ஆக்சிஜனும் கிளம்பும். முழுத் திறனில் ஓடும்போது கவலையில்லை. காற்று தளர்ந்து மின்சாரம் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தி குறையும். தடுப்பு வழியே கசியும் ஹைட்ரஜன் மட்டும் குறையாது. ஆக்சிஜன் குழாயில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பிடிக்கும் என்பதால் 2 விழுக்காட்டிலேயே ஆலை தானாக நின்றுவிடும்படி வைப்பார்கள். டென்மார்க்கின் ஆஸ்கோவ் ஊரில் 1890-களிலேயே காற்றாலை மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்துப் பள்ளிக்கு விளக்கேற்றிய பால் லா கூர், இரண்டு வாயுவும் கலந்து வெடித்து ஜன்னல் கண்ணாடிகளை இழந்திருக்கிறார். நின்று நின்று ஓடும் ஆலையில் தகடுகளும் சீக்கிரம் தேயும். உபரிக் காற்றை நம்பி ஓட்டும் திட்டத்தில் இந்தச் செலவும் சேரும்.

தண்ணீர்ச் செலவு கிலோவுக்கு ஓரிரு சென்ட்தான். ஒரு கிலோவுக்கு 9 லிட்டர் வேதியியல் கணக்கு. சுத்திகரிப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். விலையில் இது ஒன்றுமில்லை. ஆனால் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருக்கள் உள்ள தூத்துக்குடியில், ஆலை தனக்கான நீரைக் கடலிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கப்பலில் ஏற்ற அம்மோனியா

ஹைட்ரஜனை அப்படியே கப்பலில் ஏற்றுவதானால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அதற்கே கிலோவுக்குச் சுமார் 10 யூனிட் போகும். அதனால் காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்குகிறார்கள். மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும். உலகம் முழுக்கப் பல்லாண்டாகக் கப்பலில் போய்வரும் சரக்கு அது. ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 178 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கிலோ 4.93 என்றால் 878 டாலர். நைட்ரஜன் பிரிப்பு, அம்மோனியா ஆலை ஆகியவற்றுக்கு 120 போட்டால் டன் 1,000 டாலரை நெருங்கும்.

சந்தை சொல்வது என்ன? ஐரோப்பிய விநியோகத்துக்காக நடந்த எச்2குளோபல் என்ற பசுமை அம்மோனியா ஏலத்தில் 2024-இல் எகிப்து ஆலைக்குக் கிடைத்த உற்பத்தி விலை டன்னுக்கு 811 யூரோ. இந்தியாவில் சூரிய ஆற்றல் கழகம் 2025-இல் உர ஆலைகளுக்காக நடத்திய முதல் ஏலத்தில் கிலோ 55.75 ரூபாய், அதாவது டன் சுமார் 640 டாலர். அதைப் பின்னோக்கிப் பிரித்தால் ஹைட்ரஜன் கிலோ 2.90 டாலர் அளவில் வருகிறது. என் 4.93-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியை முதல் மூன்றாண்டு அரசு ஊக்கத்தொகை, மாநிலங்களுக்கு இடையிலான மின்கடத்தல் கட்டண விலக்கு, விலை மலிந்த எலக்ட்ரோலைசர் ஆகியவை சேர்ந்து நிரப்புகின்றன. அந்த விலையில் ஆலை கட்டி ஓட்டிக் காட்டும்வரை அதை ஏலத்தொகை என்றே சொல்வேன். ஆனாலும் திட்டத்துக்குச் சாதகமாக, இனி 640-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து இங்கே வர ஐந்து நாள் போதும். கப்பல் வாடகை, கிடங்கு எல்லாம் சேர்த்து 50 டாலர். ஆக, ஜூரோங் தீவில் டன் 690.

ஜூரோங் தீவின் ரசாயன ஆலைகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், உயரமான கம்பத்தில் துணிக்குழாய் ஒன்று தொங்கும். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டுவதற்கு. காற்று போகும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது பாதுகாப்பு வகுப்பின் முதல் பாடம். பல மதிய வேளைகளில் அந்தத் துணி அசையாமல் கம்பத்தோடு ஒட்டிக்கிடக்கும். காற்று ஓய்ந்த அந்த நேரத்தில் கசிந்த வாயு கலையாமல் தரையோடு தங்கிவிடக்கூடும். அம்மோனியா வாடை மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும். பத்து லட்சத்தில் 300 பங்கு என்ற அளவை எட்டினால் உயிருக்கு ஆபத்து. அதனால் கிடங்கைச் சுற்றி இடைவெளி, நீர்த்திரை, உணர்கருவி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். இடத்துக்கு இவ்வளவு விலை உள்ள தீவில் இது சின்னச் செலவில்லை. அந்த ஷிப்டில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்க்காரர்கள் என்பதால், டன் விலையைப் பேசும்போது இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

எரித்து மின்சாரமாக்கினால்

ஒரு டன் அம்மோனியாவில் உள்ள வெப்பம் 5,170 யூனிட். பாதியை மின்சாரமாக்க முடிந்தால் 2,580 யூனிட் கிடைக்கும். எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 26.7 அமெரிக்க சென்ட், நம் சிங்கப்பூர்க் காசில் ஏறக்குறைய 35 காசு. 2025-இல் வீட்டுக்கு வந்த மின்கட்டணம், கம்பி, ஆலை, லாபம் எல்லாம் உட்பட, ஜிஎஸ்டி இல்லாமல் 28 காசு அளவில்தான் இருந்தது.

இயற்கை எரிவாயு பத்து லட்சம் பிடியு (எரிவாயுவை விற்கும் வெப்ப அளவு) 12 டாலர் என்றால் எரிபொருள் செலவு யூனிட்டுக்கு 10 காசுக்குள். இடைவெளி 25 காசு. எரிவாயு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ கரியமில வாயுவை விடுகிறது. இந்த இடைவெளியைக் கரிம வரியால் மட்டும் மூட வேண்டுமானால் வரி டன்னுக்கு 625 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆக வேண்டும். 2026-இல் அது 45 வெள்ளி. 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை என்று அரசு சொல்லியிருக்கிறது.

விலையை விட ஆற்றல் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு டன் அம்மோனியாவுக்கு மொத்தம் சுமார் 10,500 யூனிட் காற்று மின்சாரம் தேவை. இங்கே வந்து சேர்வது 2,580. நாலில் மூணு பங்கு வழியிலேயே போய்விடுகிறது.

ஜூரோங் தீவில் அம்மோனியாவில் 55 முதல் 65 மெகாவாட் மின்சாரம் எடுக்கவும், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைக் கப்பல் எரிபொருளாக நிரப்பவும் எரிசக்திச் சந்தை ஆணையமும் கடல்துறை, துறைமுக ஆணையமும் சேர்ந்து ஒரு திட்டத்தை முன்னெடுக்கின்றன. அதில் மின்சாரப் பங்கை 60 மெகாவாட் என்று வைத்து, ஆண்டுக்கு 7,500 மணி நேரம் ஓட்டினால் 1.74 லட்சம் டன் அம்மோனியா வேண்டும். அதை முழுக்கக் காற்றிலிருந்தே எடுக்க, அங்கே சுமார் 700 மெகாவாட் காற்றாலை நிற்க வேண்டும். சிங்கப்பூரின் உச்ச மின்தேவை 8,000 மெகாவாட் அளவு. அதில் பாதியை இப்படி எடுப்பதென்றால் எத்தனை ஆயிரம் காற்றாடி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதே காற்று கம்பி வழியாக வந்தால் கதை வேறு. வியட்நாம் கடலில் காற்றாலை வைத்துக் கடலடிக் கம்பியில் 1,200 மெகாவாட் கொண்டுவரும் செம்ப்கார்ப் திட்டத்துக்கு 2023-இல் நிபந்தனை ஒப்புதல் கிடைத்தது. 2035-க்குள் 6,000 மெகாவாட் இறக்குமதி என்ற இலக்கில் இதுவும் சேரும். கம்பி நீண்டாலும் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும். கம்பிக்குப் பக்கத்து நாடுகளின் சம்மதமும் பெரிய முதலீடும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நாலில் மூணு இழப்பது எங்கே, பத்தில் ஒன்று இழப்பது எங்கே?

10,500 யூனிட்டை எங்கே கொடுப்பது

ஒரு டன் அம்மோனியாவுக்குப் போகும் அந்த 10,500 யூனிட் காற்று மின்சாரத்தை வேறு வேறு இடத்தில் செலவழித்தால் எவ்வளவு கரியமில வாயு மிச்சமாகும் என்று பார்த்தேன். அம்மோனியாவாக்கி ஜூரோங்கில் எரித்தால் ஒரு டன். கப்பலில் எண்ணெய்க்குப் பதிலாக எரித்தால் 1.4 டன். உர ஆலையில், எரிவாயுவில் செய்த அம்மோனியாவுக்குப் பதிலாகக் கொடுத்தால் 2 டன். எதுவாகவும் மாற்றாமல் தமிழ்நாட்டுக் கம்பியிலேயே விட்டு, அந்த அளவுக்கு நிலக்கரி மின்சாரத்தைக் குறைத்தால் சுமார் 10 டன்.

பத்து மடங்கு வித்தியாசம். தம்பியின் கேள்விக்கு என் பதில் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆடி மாதத்தில் நிற்கும் காத்தாடிக்கு முதலில் வேண்டியது மின்பாதையும் சேமிப்பும். அந்த மின்சாரம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்ச் சேரும் வழியை அடைத்து வைத்துக்கொண்டு, அதை ஹைட்ரஜனாக்கிக் கடல் தாண்டி அனுப்புவது பணத்துக்கும் நஷ்டம், வானத்துக்கும் நஷ்டம்.

அப்படியானால் ஹைட்ரஜனே வேண்டாமா? வேண்டும், அதன் இடத்தில். உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி அம்மோனியா டன் 450 டாலர் என்று வைத்தால் பசுமை அம்மோனியாவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 190. ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும் செலவு 100 டாலருக்குள். இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். யூரியா தயாரிக்கக் கரியமில வாயுவே மூலப்பொருள். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைத்துவிடும், பசுமை அம்மோனியாவில் கிடைக்காது. அதனால் ஸ்பிக் மாதிரி யூரியா ஆலைகளைவிட, அம்மோனியாவை விலைக்கு வாங்கும் டிஏபி, கலப்பு உர ஆலைகளுக்குத்தான் இது முதலில் பொருந்தும்.

அடுத்தது கப்பல். இங்கேதான் சிங்கப்பூரின் பங்கு பெரிது. 2024-இல் நம் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிரப்பிய எரிபொருள் ஏறக்குறைய 5.5 கோடி டன், உலகிலேயே அதிகம். நடுக்கடலில் போகும் பெரிய சரக்குக் கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாது, பேட்டரியும் தாங்காது. 2024 மார்ச்சில் ஜூரோங் தீவின் முனையத்திலிருந்து அம்மோனியா ஏற்றிக்கொண்டு, டீசலோடு சேர்த்து அதை எரித்துக் காட்டியது ஃபோர்ட்டெஸ்க்யூ கிரீன் பயோனியர் கப்பல். உலகில் அதுவே முதல் முறை. கப்பல் எண்ணெய் டன் 550 டாலர், அம்மோனியா 690 என்று வைத்து, வெப்ப அளவில் ஒப்பிட்டால், ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்க்கச் சுமார் 310 டாலர் ஆகிறது. மின்சாரத்துக்கு எரிப்பதில் அதுவே 480. எஞ்சினில் எரியாமல் தப்பும் அம்மோனியாவையும், எரியும்போது உண்டாகி வானத்தைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடையும் நான் சேர்க்கவில்லை; அவற்றைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் இந்த 310 ஏறும்.

அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஏற்ற விதிகளின்படி, கரிம வெளியேற்ற வரம்பை மீறும் கப்பல் மிக உயர்ந்த படியில் கரியமில வாயு டன்னுக்கு 380 டாலர் கட்ட வேண்டும். 310-க்கும் 380-க்கும் நடுவில்தான் இந்த வியாபாரம் பிழைக்க இடம் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த விதிகளை முறைப்படி ஏற்கும் வாக்கெடுப்பு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எலக்ட்ரோலைசர் விலை எவ்வளவு இறங்கினாலும், அந்த 380 இல்லாமல் எந்தக் கப்பல் முதலாளியும் கூடுதல் காசு கொடுத்து அம்மோனியா வாங்கப் போவதில்லை. ஸ்வீடனில் டென்மார்க் நிறுவனமான ஓர்ஸ்டெட் 2024-இல் கப்பல்களுக்கான தன் பசுமை மெத்தனால் எரிபொருள் ஆலையைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணமே நீண்டகால விலைக்கு வாங்க ஆள் கிடைக்காததுதான்.

ஜூரோங்கின் 60 மெகாவாட் மின்சாரப் பங்கை நான் எதிர்க்கவில்லை. அம்மோனியாவை இறக்கி, சேமித்து, பயமின்றிக் கையாளும் பழக்கம் நமக்கு வர வேண்டும். கிடங்குக்கு ஒரு நிலையான வாடிக்கையாளரும் வேண்டும். அந்த அளவோடு அது நிற்கட்டும். அதைப் பெருக்கி நாட்டின் பாதி மின்சாரம் என்று போவதற்கு இன்றைய எண்கள் இடம் கொடுக்கவில்லை.

சிங்கப்பூரால் ஆகக்கூடிய பெரிய உதவி வேறொன்று, அது வட்டியில் இருக்கிறது. என் கணக்கில் 8 விழுக்காடு வட்டியை 12 ஆக்கினால், 5,000 மணி நேர ஆலையில் எலக்ட்ரோலைசர் பங்கு மட்டும் கிலோவுக்கு 50 சென்ட் ஏறுகிறது; காற்றாலைக்கான கடனும் சேர்ந்து ஏறும். வாங்குபவர் யாரென்று தெரியாத ஆலைக்கு வங்கி 12 கேட்கும். இங்கிருந்து ஒரு கப்பல் எரிபொருள் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னை 15 ஆண்டுக்கு நிலையான விலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டால் அதே வங்கி 8-க்கு இறங்கும். தூத்துக்குடியில் முதல் தூண் ஊன்றுவதற்கு முன்பே இங்கே வங்கிகள் நிறைந்த ஷென்டன் வேயில் முடிக்க வேண்டிய வேலை அது.